ஒரே வாளியில் எதற்கு எது துணை?

எல்கடுவ மழை நமக்குத் தெரியாததா? லயத்து இஸ்தோப்பில் தொங்கும் பழைய வாளியில் வல்லாரையோடு கற்றாழையையும் சேர்த்து நட்டால் கற்றாழை அழுகிப் போகும். தண்ணீர்த் தேவை ஒத்த செடிகளைத்தான் ஒன்றாக நடவேண்டும்.

வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரம் கேட்பவை; சேர்ந்து வளரும். கற்றாழைக்குத் தனிச் சட்டி. புதினாவுக்கும் தனிச் சட்டிதான். வேரோடிப் பக்கத்துச் செடியை அமுக்கிவிடும்.

வாளியடியில் நாலைந்து துளை போடுங்கள். மண்ணோடு மக்கிய சாணியும் கொஞ்சம் மணலும் கலந்தால் நீர் தேங்காது. கீழே தட்டு வைத்தால் வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு அதிலேயே முட்டையிடும்.

ஒன்றை மறக்கவேண்டாம். பூச்சிமருந்து, புல்லுமருந்து வந்த கேனில் கீரை நடவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் நஞ்சு மிஞ்சும். நம்ம பிள்ளைகள் சாப்பிடுகிற கீரை அல்லவா!