வீட்டு போட்டோ, வீடியோவுக்கு நாஸ் வாங்கலாமா? வாங்கும் முன் ஒரு 5 வருஷக் கணக்கு



வீட்டுல நாலு போன், ரெண்டு பழைய லேப்டாப், எதுல என்ன இருக்குன்னே தெரியாத பத்து பென் டிரைவ். எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு, ஹால்ல இருக்கிற டிவியில பார்க்கணும். இதுக்கு நெட்வொர்க் ஸ்டோரேஜ், சுருக்கமா நாஸ், வாங்கலாமா? கூட எந்த ரூட்டர் வாங்கணும்?

கடையில போய்க் கேட்டா 50,000 ரூபாய்க்கு பில் ரெடியாகிடும். நாம அதுக்கு முன்னாடி உட்கார்ந்து கணக்கு போடுவோம்.

உதாரணத்துக்கு கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில ஒரு வீட்டை எடுத்துக்குவோம். ஏன் அந்த ஊர்? கடல் பக்கத்துல இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு பருவமழை, பல குடும்பங்கள்ல ஒருத்தராவது வளைகுடாவுல வேலை. இந்த மூணுமே நம்ம கணக்கை மாத்தும்.

முதல் வேலை: டேட்டாவை ரெண்டா பிரிங்க

நம்ம உதாரண வீட்டுல கணவர் துபாயில. வீட்டுல மனைவி, ரெண்டு பிள்ளைங்க, மாமியார். மொத்த டேட்டா 1,200 ஜிபி.

1. மறுபடி கிடைக்கிறது: சினிமா, சீரியல், பாட்டு. 900 ஜிபி.
2. மறுபடி கிடைக்காதது: கல்யாண வீடியோ 220 ஜிபி. பிள்ளைங்க போட்டோ, மண்டைக்காடு கொடைக்குப் போனப்போ எடுத்தது, தவறிப்போன மாமனார் பேரனுக்கு அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் சேர்த்து 80 ஜிபி.

இடத்துல முக்கால்வாசியை அடைக்கிறது சினிமா. ஆனா போனா வராதது அந்த 300 ஜிபிதான். நாம காசு செலவழிக்கும்போது பெரும்பாலும் தலைகீழா பண்றோம். சினிமா வேகமா ஓடணும்னு 50,000 போடுறோம், மாமனார் குரல் ஒரே ஒரு போன்ல கிடக்கு. அந்த போன் தண்ணியில விழுந்தா? முதல் ரூபாய் அந்த 300 ஜிபிக்குத்தான் போகணும். இந்தப் பதிவுல இதை மட்டும் எடுத்துக்கிட்டாலும் போதும்.

"கூகுள் போட்டோஸ்ல இருக்கே"ன்னு நினைக்காதீங்க. 2021 ஜூன் 1-லேருந்து அது கணக்கில்லாம இலவசம் கிடையாது. மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். அது நிறைஞ்சா புதுசா எடுக்கிற போட்டோ மேல ஏறாது.

நாஸ் என்ன செய்யும், என்ன செய்யாது

நாஸ்னா ரூட்டரோட கேபிள்ல சேர்ந்திருக்கிற ஒரு சின்ன கம்ப்யூட்டர், உள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க். எல்லா போனும் வைஃபை வழியா தானாவே அதுல போட்டோவை ஏத்தும். டிவி அதுலேருந்து எடுத்து ஓட்டும். நல்ல வசதி, மறுக்கலை.

விக்கிறவங்க "ரெய்டு 1 இருக்கு சார், ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணுல இருக்கும்"னு சொல்வாங்க. அது உண்மைதான். 4 டிபி டிஸ்க் ரெண்டு போட்டா 4 டிபி இடம் கிடைக்கும், இன்னொண்ணு அதோட நகல். ஆனா இது பேக்கப் இல்லை. பையன் தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டு டிஸ்க்குலயும் அதே நொடியில அழியும். இடி இறங்கினா, திருட்டுப் போனா, தண்ணி புகுந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் போகும்.

இந்த மாவட்டத்துக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில குளச்சல், கொட்டில்பாடு கரையில என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல மின்கம்பங்கள் சாய்ஞ்சு பல ஊர்கள் நாள் கணக்குல இருட்டுல கிடந்தது. அதனால நாஸ் வாங்கினாலும் வேற ஊர்ல ஒரு காப்பி வேணும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

மூணு வழி, 5 வருஷச் செலவு

கீழ இருக்கிற விலை எல்லாம் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்டது. உங்க ஊர்க் கடை விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

வழி 1: நாஸ்
- ரெண்டு டிஸ்க் போடுற பெட்டி: 20,000
- 4 டிபி டிஸ்க் ரெண்டு: 22,000
- ரூட்டர்: 4,500
- யூபிஎஸ்: 4,000
- 5 வருஷத்துல ஒரு டிஸ்க் மாத்தினா: 11,000
- வெளியூர்ல வைக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்: 6,500
- கரன்ட்: 4,380
- மொத்தம்: 72,380. மாசத்துக்கு சுமார் 1,206 ரூபாய்.

கரன்ட் கணக்கு எப்படி? 20 வாட்ஸ், 24 மணி நேரம், 365 நாள். வருஷத்துக்கு 175 யூனிட். யூனிட் 5 ரூபாய்னு வெச்சா 876 ரூபாய். ரெண்டு மாச பில்லுல 29 யூனிட் கூடும். ஏற்கெனவே 480 யூனிட் ஓடுற வீடுன்னா கவனம். 500 தாண்டினா கட்டண அடுக்கே மாறிடும்.

வழி 2: ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் + கொஞ்சம் கிளவுட்
- 2 டிபி டிஸ்க் ரெண்டு: 13,000
- யூஎஸ்பி போர்ட் உள்ள ரூட்டர்: 4,500
- ஒரு டிஸ்க் மாத்தினா: 6,500
- 100 ஜிபி கிளவுட், வருஷம் 1,300: 6,500
- மொத்தம்: 30,500. மாசத்துக்கு சுமார் 508 ரூபாய்.

வழி 3: எல்லாமே கிளவுட்
- 2 டிபி, வருஷம் 6,500: 32,500. மாசத்துக்கு சுமார் 542 ரூபாய்.

மூணாவது சுலபமா தெரியும். ஆனா வருமானம் நின்னாலும் இந்த வாடகை நிக்காது. துபாய் வேலை முடிஞ்சு ஊருக்கு வந்த பிறகும் கட்டணும். கூகுள்ல சந்தாவை நிறுத்தி, ரெண்டு வருஷம் இலவச அளவுக்கு மேலயே இருந்தா, உள்ள இருக்கிறதை அழிக்க அவங்களுக்கு உரிமை இருக்கு.

நம்ம உதாரண வீட்டுக்கு என் பதில் வழி 2. முதல் டிஸ்க் ரூட்டர் பின்னாடி, அதுல எல்லாம் இருக்கும். ரெண்டாவது டிஸ்க்குல அந்த 300 ஜிபி மட்டும். அதை தக்கலையில இருக்கிற நாத்தனார் வீட்டு பீரோவுல வெச்சுடுங்க. கடல்லேருந்து தள்ளி இருக்கு, போக்குவரத்தும் உள்ள வீடு. 80 ஜிபி போட்டோவும் குரலும் கிளவுட்லயும் இருக்கும், துபாயிலேருந்து அவரும் பார்த்துக்கலாம். முதல் வழிக்கும் இதுக்கும் வித்தியாசம் 41,880 ரூபாய். அது எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும்.

அப்போ நாஸ் யாருக்கு?

இந்த மூணும் இருந்தா தாராளமா வாங்குங்க:
1. டேட்டா 4 டிபி பக்கம் வந்தாச்சு, இல்லை போட்டோ, வீடியோ எடுக்கிறதே உங்க தொழில்.
2. மூணு நாலு பேர் போன் தினமும் தானா ஏறணும்.
3. அப்டேட் போட, டிஸ்க் எச்சரிக்கை வந்தா கவனிக்க வீட்டுல ஒரு ஆள் இருக்கு.

மூணாவதை லேசா எடுக்காதீங்க. 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியோட மை புக் லைவ் பெட்டிகளை இன்டர்நெட் வழியா புகுந்து மொத்தமா அழிச்சுட்டாங்க. 2015-லேயே அப்டேட் நின்னுபோன மாடல் அது. 2022-ல க்யூநாப் நாஸ்களைப் பூட்டி பணம் கேட்டாங்க. வெளிநாட்டுலேருந்து பார்க்கணும்னு ரூட்டர்ல போர்ட்டைத் திறந்து விடுறது, வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு சந்தைக்குப் போற மாதிரி.

டிஸ்க் வாங்கும்போது "சிஎம்ஆர்" வகையான்னு கேளுங்க. "எஸ்எம்ஆர்" வகை ரெய்டுக்கு ஒத்துவராது. வெஸ்டர்ன் டிஜிட்டல்ல ரெட் பிளஸ், சீகேட்ல அயர்ன்வுல்ஃப் ரெண்டும் சிஎம்ஆர்.

இன்னொண்ணு: "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு சொன்னாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீயும் பெரும்பாலும் சேரும். கையில காசு இருந்தா மட்டும் வாங்குங்க.

ரூட்டர்ல பார்க்க வேண்டிய நாலு விஷயம்

1. போர்ட் வேகம். பெட்டி மேல "ஏசி 1200"ன்னு பெருசா இருக்கும். அது 300-ஐயும் 867-ஐயும் கூட்டின எண், ரெண்டும் காகிதத்து வேகம். பின்னாடி கேபிள் சொருகுற போர்ட் 100 எம்பிபிஎஸ்தானா, கிகாபிட்டான்னு பாருங்க. நாஸுக்கு 300 ஜிபி ஏத்த 100 எம்பிபிஎஸ் போர்ட்ல 6 மணி 40 நிமிஷம் ஆகும். கிகாபிட்ல ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும்.

2. யூஎஸ்பி 3.0. வழி 2 எடுத்தா இது முக்கியம். சினிமா ஓட்ட 2.0-வே போதும். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு 25 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 3 எம்பி சொச்சம்தான். காப்பி பண்ணத்தான் 3.0 வேணும். முதல் தடவை டிஸ்க்கை லேப்டாப்புல நேரடியா சொருகி ஏத்திடுங்க.

3. ரெண்டு பேண்ட், வைஃபை 6. இதுக்கு மேல இந்த வீட்டுக்குத் தேவையில்லை.

4. வைக்கிற இடம். ஃபைபர்காரங்க கேபிள் நுழையுற வாசப்பக்கமே பெட்டியை மாட்டிடுவாங்க. 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துடும். வீட்டு நடுவுக்கு ஒரு கேட் 6 கேபிள் இழுத்து அங்க ரூட்டரை வைங்க. டிவிக்கும் முடிஞ்சா கேபிள்தான். சில நூறு ரூபாய் கேபிள், சில ஆயிரம் ரூபாய் ரூட்டர் செய்யாததைச் செய்யும்.

கடலோர வீட்டுக்கு

டிஸ்க்குக்குள்ள முள்ளை நகர்த்துறது நியோடிமியம் காந்தம். மணவாளக்குறிச்சி ஐஆர்இஎல் ஆலையில பிரிக்கிற மோனசைட் மணல்ல இருக்கிற அருமண் உலோகங்கள்ல அதுவும் ஒண்ணு. ஊர் மணல்ல இருக்கிறதுதான் டிஸ்க்குக்கு உயிர், ஆனா ஊர்க் காத்து அதுக்கு ஆகாது! உப்புக்காத்து போர்ட்டை அரிச்சிடும்.

- டிஸ்க்கை ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. பயன்படுத்தாத டிஸ்க் சிலிக்கா ஜெல்லோட காத்துப் புகாத டப்பாவுல இருக்கட்டும்.
- ஐப்பசி, கார்த்திகையில இடி இடிச்சா பிளக்கையும் கேபிளையும் கழட்டிடுங்க. ஃபைபர் வழியா மின்சாரம் வராது, கரன்ட் லைன் வழியா வரும்.
- வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா, பின்னாடி "யூபிஎஸ் மோட்" சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. அதுல போட்டா கரன்ட் மாறும்போது பெட்டி அணையாது, தனி யூபிஎஸ் செலவு மிச்சம்.
- பீரோ டிஸ்க்கை மூணு மாசத்துக்கு ஒருதடவை சொருகி, நாலு ஃபைலைத் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத காப்பியை காப்பின்னு நம்ப முடியாது.

இந்த ஞாயித்துக்கிழமை செய்ய வேண்டியது

மறுபடி கிடைக்காததை மட்டும் ஒரு ஃபோல்டர்ல சேருங்க, எத்தனை ஜிபின்னு பாருங்க. பெரியவங்க குரல் உள்ள வாய்ஸ் மெசேஜை முதல்ல எடுங்க. ஒரு டிஸ்க் வாங்கி காப்பி பண்ணி, அடுத்த தடவை நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது கையோட கொண்டு போங்க. நாஸ் வேணுமா வேண்டாமான்னு அதுக்கு அப்புறம் நிதானமா யோசிக்கலாம்.

உங்க வீட்டு எண்ணிக்கையைப் போட்டு கணக்கு எப்படி வந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.