வாண்டரர் வண்டி

கொல்கத்தா மாநகரின் எல்ஜின் சாலையில் நேதாஜி பவன் என்னும் மாளிகை உள்ளது. போஸ் குடும்பத்தார் வாழ்ந்த அவ்வில்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கே கண்ணாடிச் சுவர்களுக்குள் பழைய மோட்டார் வண்டி ஒன்று நிற்கக் காணலாம். மூடிய கூரையும் நான்கு கதவுகளும் உடையது அது, எண் பி.எல்.ஏ. 7169. அரசர்கள் ஏறிச் சென்ற ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளின் பகட்டு அதற்கு இல்லை. ஆயினும், அவ்வண்டிகளுள் ஒன்றேனும் இதனைப் போன்றதொரு பணியைச் செய்ததுண்டோ என்பது ஐயமே.

ஜெர்மனி நாட்டில் செம்னிட்ஸ் நகரில் தோன்றிய வாண்டரர் தொழிற்கூடம், முதலில் மிதிவண்டிகளைச் செய்து பெயர் பெற்றது. பின்னரே மோட்டார் வண்டித் தொழிலில் இறங்கியது. 1932ஆம் ஆண்டில் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ச் என்னும் மூன்று தொழிற்கூடங்களோடு அதுவும் இணைந்தது. ஆடி வண்டிகளின் முகப்பில் இன்றும் காணப்படும் நான்கு வளையங்கள் அந்நான்கையும் குறிப்பனவே. போஸ் குடும்பத்தார் 1937இல் வாங்கிய வண்டி டபிள்யூ 24 என்னும் வகையைச் சார்ந்தது. அதன் பொறி நான்கு உருளைகளும் 42 குதிரைத்திறனும் கொண்டது. ‘வாண்டரர்’ என்னும் ஜெர்மானியச் சொல்லுக்கு வழிநடப்பவன் என்பது பொருள். பெயரிட்டவர் அறியாமலே இவ்வண்டிக்கு அப்பெயர் பொருந்திவிட்டது.

1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆங்கில அரசு சுபாஷ் சந்திர போஸைச் சிறையிட்டது. நவம்பர் இறுதியில் அவர் உண்ணா நோன்பு மேற்கொண்டார். உடல் நலிந்து, உயிருக்கே இடர் நேரும் நிலை எய்தவே, டிசம்பர் 5ஆம் நாள் அவரை இல்லத்திற்கு அனுப்பினர். ஆனால் இல்லத்தைச் சுற்றி ஒற்றர் இரவும் பகலும் காத்திருந்தனர். உடல் தேறியதும் மீண்டும் சிறை என்பது உறுதி. நாட்டைக் கடந்து சென்று, அயலாரின் துணையோடு ஆங்கிலேயரை எதிர்ப்பதே வழி என அவர் துணிந்தார். அத்துணிவை நிறைவேற்றும் பொறுப்பைத் தம் தமையனார் சரத் சந்திர போஸின் மைந்தர் சிசிரிடம் ஒப்படைத்தார். மருத்துவம் பயின்றுவந்த சிசிருக்கு அப்போது வயது இருபதுதான்.

எந்த வண்டியில் செல்வது என்பதே முதல் வினா. சரத் சந்திரரிடம் ஸ்டூடிபேக்கர் பிரசிடென்ட் என்னும் அமெரிக்க வண்டியும் இருந்தது. அது பெரியது, ஆற்றல் மிக்கது, நெடுவழிக்கு ஏற்றது. ஆனால் அது எவருடைய வண்டி என்பதை நகரமே அறியும். ஆதலின் சிசிர் வாண்டரரைத் தேர்ந்தார். அதன் வன்மையைச் சோதிக்க, முன்னதாகவே பர்த்வான் வரை ஓட்டிச் சென்று திரும்பினார். அவர் நாடியது கண்ணைக் கவரும் வண்டியன்று. கண்ணில் படாத வண்டி!

1941 ஜனவரி 16ஆம் நாள் நள்ளிரவு கடந்தது. சுபாஷ், முகம்மது சியாவுதீன் என்னும் காப்பீட்டு அலுவலராக வேடம் பூண்டு படியிறங்கினார். வீட்டிலிருந்து ஒருவர் மட்டுமே செல்வதாகத் தோன்ற வேண்டும். ஆகவே சிசிர் தம் கதவை மட்டும் ஓசையெழச் சாத்தினார். பின்னே அமர்ந்த சுபாஷ் தம் பக்கத்துக் கதவைச் சாத்தாது கையால் பற்றிக்கொண்டார். மணி ஒன்று முப்பத்தைந்து. வண்டி வாயிலைக் கடந்து, செல்ல வேண்டிய திசையை விடுத்து, முதலில் தெற்கே திரும்பியது. சுபாஷின் அறையிலோ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் உள்ளேயே இருக்கிறார் என்று காவலர் கருதியிருத்தல் வேண்டும்.

நகரைக் கடந்த வண்டி கிராண்ட் டிரங்க் சாலையில் விரைந்தது. அச்சாலையில் உள்ளது சந்திரநாகூர். புதுச்சேரியைப் போலவே அதுவும் அந்நாளில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1910இல் அரவிந்தர் ஆங்கிலேயரிடமிருந்து விலகி முதலில் தங்கிய ஊர் அதுவே. அதன் பின்னரே அவர் கடல்வழியாகப் புதுச்சேரியை அடைந்தார். சுபாஷ் அங்கே தங்கவில்லை. காலையில் வண்டி தன்பாத்துக்கு அருகிலுள்ள பராரியை அணுகியது. அங்கே சிசிரின் தமையனார் அசோக் வாழ்ந்தார். சற்றுத் தொலைவிலேயே இறங்கிய சுபாஷ், முன்பின் அறியாதவரைப் போல நடந்து சென்று, பணியாளர் முன் ஆங்கிலத்தில் உரையாடினார். தம் தமையனார் மகனுடைய இல்லத்திலேயே அவர் அயலாராக ஒரு பகலைக் கழித்தார். அன்றிரவு வாண்டரர் அவரைக் கோமோ இரயில் நிலையத்தில் சேர்த்தது. அங்கிருந்து இரயிலேறிய அவர் பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரலில் பெர்லினை எய்தினார். அந்நிலையம் 2009 முதல் அவர் பெயரால் வழங்குகின்றது.

சிசிர் பின்னாளில் குழந்தை மருத்துவராகத் திகழ்ந்தார். 1957இல் நேதாஜி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, சுபாஷ் தொடர்பான பொருள்களைத் தேடித் தொகுத்தார். வண்டியும் அங்கே காக்கப்பட்டது. ஆயினும் ஓடாது நிற்கும் வண்டி, ஓடித் தேயும் வண்டியைக் காட்டிலும் விரைவில் கெடும். எஞ்சிய பெட்ரோல் பிசினாகும், ரப்பர் வெடிக்கும், உருளைக்குள் துரு ஏறி, பொறி இறுகிவிடும். வாண்டரர் வண்டிகளோ உலகப் போருக்குப் பின் செய்யப்படவே இல்லை. ஆகவே மாற்றுறுப்புகள் கடைகளில் கிட்டா. மற்றோர் இடரும் உண்டு. பழையதைப் புதிது போலப் பளபளக்கச் செய்வது எளிது; அவ்வாறு செய்யின், அந்த இரவில் ஓடிய வண்டியே மறைந்து, வேறொன்று அதன் இடத்தில் நிற்கும். எனவே 1941இல் இருந்த தோற்றத்தையே மீட்பது என முடிவாயிற்று. வாண்டரரின் வழித்தோன்றலான ஆடி நிறுவனத்தின் துணையோடு அப்பணி நிறைவேறியது. 2017 ஜனவரி 18ஆம் நாள், அந்நாளைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அவ்வண்டியை நேதாஜி பவனில் திறந்துவைத்தார்.