கடல் கடந்த சிறுதேர்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், ஆண்பாற் பிள்ளைக்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியிற் சிறுதேர்ப் பருவத்தை வைத்தனர். பெரியோர் ஊரும் தேரைக் கண்ட குழந்தை, அது போன்ற சிறுதேர் ஒன்றை உருட்டி மகிழ்கிறது. இவ்வியல்பு குழந்தைப் பருவத்தோடு ஒழிந்துவிடுவதன்று. பிரித்தானிய மக்களிடையே முதியோரும் பயிலும் சிறுதேர்க் கலை ஒன்றுண்டு. மெய்யான புகையிரதத்தை, அதன் பாதை, நிலையம், கைகாட்டி என்பவற்றோடு மேசையளவிற் சுருக்கி அமைத்து ஓட்டுவதே அது. அவுஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளிற் குடியேறிய பிரித்தானியர் பலர் இக்கலையையும் உடன்கொண்டு சென்றனர். தாய்நாடு நீங்கிய ஒருவன் அதனைப் பயிலும் முறை யாது, அதனால் அவன் பெறும் பயன் யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். நம் பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்து வாழ்தலின், இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று.

வரலாறு

1899இல் நோர்தாம்ரன் நகரிற் பாசெற்-லோக் என்பார் மாதிரி இயந்திர வாணிகத்தைத் தொடங்கினார். 1910இல் இலண்டனில் இக்கலைஞர்க்கெனக் கழகம் ஒன்று தோன்றியது. லிவர்பூல் நகரத்து பிராங் ஹோண்பி 1920இல் முடுக்குவில்லால் ஓடும் வண்டிகளை விற்கலானார். அவருடைய நிறுவனமே 1938இல் 'டப்ளோ' என்னும் சிற்றளவுத் தொடரை வெளியிட்டது. சீமான்களின் பொழுதுபோக்காயிருந்த கலை, இவ்வாறு எளியோர் இல்லத்து மேசைக்கும் வந்து சேர்ந்தது.

அளவு

இக்கலையின் அரிச்சுவடி அளவாகும். பிரித்தானியாவிற் பெருவழக்காயுள்ள 'ஓஓ' அளவில், மெய்ப்பொருளின் ஓரடி 4 மில்லிமீற்றராகச் சுருங்கும். அஃதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வழங்கும் 'எச்ஓ' அளவில் ஓரடி 3.5 மில்லிமீற்றர், 87இல் ஒரு பங்கு. ஆயினும் இரண்டிற்கும் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீற்றரே.

இம்முரண் எவ்வாறு நேர்ந்தது? பிரித்தானியப் பாலங்களும் சுரங்கங்களும் ஒடுக்கமானவை. ஆதலின் அந்நாட்டு இயந்திரங்களும் உருவிற் சிறியன. அவற்றை 87இல் ஒரு பங்காகச் சுருக்கியபோது, அக்காலத்து மின்மோட்டார்கள் அவற்றினுள் அடங்கவில்லை. எனவே உடலைச் சற்றே பெருப்பித்து, பாதையை முன்போலவே விட்டனர். விளைவை மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். மெய்ப்பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அடிக்கு 4 மில்லிமீற்றர் வீதம் அது 18.83 மில்லிமீற்றராதல் வேண்டும். 16.5 மில்லிமீற்றரோ 4 அடி 1½ அங்குலத்தையே குறிக்கின்றது. எனவே பாதை 7 அங்குலம் ஒடுங்கியுள்ளது! இப்பிழை பொறாதார் 18.83 மில்லிமீற்றர்ப் பாதையைத் தம் கையாலேயே சமைப்பர். ஏனையோர் காணாதார்போற் செல்வர்.

தாய்நாட்டிலிருப்போனுக்கு இது வெறுங் கணக்கு. கனடாவிலிருப்போனுக்கோ நாள்தோறும் எதிர்ப்படும் இடர். அவனுடைய ஊர்க்கடையில் விற்பவை பெரும்பாலும் 'எச்ஓ' அளவின. ஆறடி மனிதன் ஓரளவில் 24 மில்லிமீற்றர், மற்றையதில் 21 மில்லிமீற்றர். இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தின் ஒருவன் சிறுவன்போலத் தோன்றுவான். ஆதலால் வீடும் வண்டியும் மாந்தரும் கடல் கடந்தே வரல் வேண்டும்.

மின்சாரமும் வேறு. பிரித்தானியாவில் 230 வோல்ற்று, கனடாவில் 120. ஆயின் சிறு இயந்திரம் வேண்டுவது 12 வோல்ற்று நேரோட்டமே. எனவே இயந்திரத்தைத் தாய்நாட்டிலிருந்தும், மின்கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குடியேறிய நாட்டிலிருந்தும் பெறுதல் அறிவுடைமை. வெப்பநாடுகளில் வாழ்வோர்க்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு. ஈரப்பதத்தால் மரப்பலகை பருத்தும் சுருங்கியும் பாதையைக் கோணச் செய்யும். பலகையின் எல்லாப் பக்கங்களுக்கும் வர்ணம் பூசுதல் வேண்டும். உருக்குத் தண்டவாளம் துருவேறுமாதலின், ஜேர்மன் வெள்ளி எனப்படும் செம்பு, நிக்கல், நாகக் கலவையாலாய தண்டவாளமே தக்கது.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது நம் இலக்கண நூலார் முடிபு. அம்முடிபு இச்சிறு கலைக்கும் வியத்தகு முறையிற் பொருந்துகின்றது. 'எந்த ஊர்? எந்த ஆண்டு?' என்னும் இரு வினாக்களுக்கும் விடை காணாது பாதை அமைப்போன், வண்டிகளின் குவியலை ஆக்குவானேயன்றிப் புகையிரதப் பாதையை ஆக்கான்.

இடப்பரப்பும் இத்தெரிவை வற்புறுத்துகின்றது. 4 மில்லிமீற்றர் அளவில் ஒரு மைல் 21 மீற்றருக்கு மேலாகும். ஏறத்தாழ 69 அடி. எந்த இல்லத்து அறை அதனைத் தாங்கும்? எனவே பிரித்தானியக் கலைஞர் சிறு கிளைப்பாதை ஒன்றின் இறுதி நிலையத்தையே பெரிதும் விரும்புவர். நிலையம் மட்டும் கண்முன் நிற்கும். பாதையின் மறுமுனை ஒரு திரைக்குப் பின் மறைந்து கிடக்கும் தண்டவாளங்களிற் சென்று முடியும். அம்மறைவிடமே எஞ்சிய உலகமனைத்துமாம்.

டெவன் மாவட்டத்து ஆஷ்பேட்டன் நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ரொற்னெஸிலிருந்து டாட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே சென்ற கிளைப்பாதை 1872இல் அங்கு வந்து முடிந்தது. வண்டி நிற்குமிடத்தை மூடிய மரக்கூரை அதன் தனி அழகு. 1958இற் பயணிகள் வண்டி நின்றது. 1962இற் சரக்கு வண்டியும் நின்றது. பாதையின் ஒரு பகுதி பெருந்தெருவுக்கு இரையாயிற்று. மற்றொரு பகுதியில் இன்று ஆர்வலர் நீராவி வண்டி ஓட்டுகின்றனர். ஆயின் அது ஆஷ்பேட்டனைச் சென்றடைவதில்லை. பீச்சிங் அறிக்கை வெளிவந்த 1963இன் பின்னர், இவ்வாறு மறைந்த நிலையங்கள் ஆயிரக்கணக்கின. பிறந்த ஊருக்கு மீளும் குடியேறியோன் தன் நிலையத்தைத் தேடிச் சென்றால், ஆங்கே புல்லையும் தெருவையுமே காண்கிறான்.

கருப்பொருள்

நிலமும் பொழுதும் துணிந்தபின் கருப்பொருள்கள் தாமே வந்தமையும். ஆஷ்பேட்டன், 1955 எனக் கொண்டால், இயந்திரம் கிறேற் வெஸ்ரேண் கம்பனி 1932 முதல் கட்டிய சிறு கிளைப்பாதை இயந்திரமாகும். அதனொடு செல்லும் பெட்டியின் முனையிலிருந்தும் சாரதி வண்டியை இயக்கலாமாதலின், இயந்திரத்தை மாற்றிப் பூட்டும் வேலையில்லை. அக்கம்பனியின் கைகாட்டி, வழிவிடும்போது கை தாழும். ஏனைய கம்பனிகள் 1920களின் பின்னர் நிறுவியவற்றிற் கை உயரும். டெவன் நிலையத்திற் கை உயரின், நிலத்துக்கு ஒவ்வாத கருப்பொருளைப் பாட்டில் வைத்ததுபோலாம். தெருவில் மோட்டார் இடப்புறமே செல்லல் வேண்டும்; கனடாவில் நெடுங்காலம் வாழ்ந்தோர் கை மறந்து அதனை வலப்புறம் வைத்துவிடுதல் எளிது. அவுஸ்திரேலியத் தோட்டத்து யூக்கலிப்ரஸ் மரச் சுள்ளி, டெவன் ஓக் மரமாக நடியாது.

உரிப்பொருள்

பிரிவே இக்கலையின் உரிப்பொருள். எனினும் ஏக்கம் மட்டும் நிலையத்தைக் கட்டாது. தான் நேசித்த வண்டிகளையெல்லாம் ஒரே மேடையில் நிறுத்த அவாவும் உள்ளத்தை, ஆண்டும் அளவுகோலும் அடக்குதல் வேண்டும். 'மேடை இத்துணை நீளமா? சன்னல் எத்தனை?' எனப் படத்தோடும் வரைபடத்தோடும் ஒப்புநோக்குங்கால், தன் நினைவு பலவிடத்துப் பிழைபட்டதை அவன் காண்கிறான். அங்ஙனம் திருத்தப்பட்ட நினைவே பிறர்க்கும் பயன்படும் வரலாறாகிறது.

இதற்குச் சான்று ரோய் இங்கிலாந்து என்பார். அவர் பிறந்த நாடு அவுஸ்திரேலியா. 1925இல் இங்கிலாந்தை அடைந்த அவர், நாட்டுப்புறத்துப் பழங்குடில்கள் உருமாறி மறைதலைக் கண்டு வருந்தினார். அவற்றை அளந்து சிற்றுருவிற் காக்கத் துணிந்தார். அவர் 1954இல் நிறுவிய பெண்டன் காட்சிச்சாலை இன்றும் ஒக்ஸ்போட்சயரில் உள்ளது. வேற்று நாட்டிற் பிறந்தோன் கண் காத்த செல்வம் அது.

நமக்கு

நம் வடபாதை 1905இல் நிறைவெய்தியது. 1990இற் போரால் யாழ்ப்பாணச் சேவை அறுந்தது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பெயர்க்கப்பட்டன. 2014இல் வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. பாதை மீண்டது, பழைய நிலையங்கள் நின்ற வண்ணம் மீண்டில. அவற்றை அறிந்த கண்கள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் முதுமையுற்று வருகின்றன.

ஈண்டு ஒரு கணக்கு. இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். ஓரடிக்கு 3 மில்லிமீற்றர் என்னும் அளவில் அது எத்துணை? சரியாக 16.5 மில்லிமீற்றர்! பிரித்தானியனுக்கு 7 அங்குலம் பொய்த்த அதே பாதை, நமக்கு மயிரிழையும் பிசகாது பொருந்துகின்றது. பாதையைக் கடையில் வாங்கலாம். பெட்டியையும் நிலையத்தையும் நம் கையாற் செய்தல் வேண்டும்.

அனைவரும் இக்கலை பயில வேண்டுமென்பது நம் கருத்தன்று. ஆயின், கடல் கடந்து வாழும் அன்பர்காள்! விடுமுறைக்கு வீடு செல்ல நீவிர் இறங்கிய நிலையம் ஒன்று உண்டன்றோ? அதன் மேடை, நீர்த்தாங்கி, வாயில், நிழல் தந்த மரம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைமின். பக்கத்தில் ஆண்டைக் குறிமின். உடன்படித்த இருவரிடம் காட்டிப் பிழை திருத்துமின். சிறுதேர் பின்னர் உருளட்டும். நிலமும் பொழுதும் முதலிற் காக்கப்படட்டும்.