நேமிநாதர் சரிதமும் பாரதக் கூத்தும்

திருவண்ணாமலையில் வாழும் நம் பிள்ளைகள் பல கதைகளின் நடுவே வளர்கின்றனர். அந்நகரின் மலையே ஒரு கதைதான். அடிமுடி காணாத அனற்பிழம்பு மலையாகி நின்றதென அண்டை வீட்டார் சொல்லக் கேட்கின்றனர். மாவட்டத்துச் சிற்றூர்களில் வேனிற்காலம் வந்தால் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். செய்யாறு வட்டாரத்துப் புரிசை இக்கலைக்குப் பேர்பெற்ற ஊர். களிமண்ணால் துரியோதனன் உருவைத் தரையில் கிடத்திப் படுகளம் நடத்துவர். 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷன் ஒளிபரப்பிய தொடரால் பாரதம் கூத்தில்லா ஊர்களின் வீட்டுக் கூடங்களுக்கும் வந்துவிட்டது.

இக்கதை மாந்தர் நம் புராணத்திலும் உளர் என்பதை அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

போளூரை அடுத்த திருமலையில், சுமார் 16 அடி உயரத்தில் பாறையில் செதுக்கப்பட்டு நிற்கும் நேமிநாதரைச் சிகாமணிநாதர் என வணங்குகிறோம். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய அவர் கண்ணனுக்குப் பெரியப்பா மகன். உக்கிரசேனன் மகள் இராசமதியை மணக்கச் செல்லும் வழியில், அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு, மண விருந்துக்கென அவை பிடிக்கப்பட்டன என்றறிந்து, மணக்கோலம் துறந்தார். விலங்குகளை அவ்வாறு அடைக்கச் செய்தவன் கண்ணனே என்கிறது குணபத்திரரின் உத்தரபுராணம். நம் வீட்டில் புலால் ஏன் இல்லை என்று வினவும் குழந்தைக்கு விரத விதிகளை அடுக்குவதினும் இச்சரிதத்தைச் சொல்வதே நன்று.

பிற சமயக் கதைகளைப் பிள்ளைகள் கேட்கலாகாது என்பார் நம்மிடையே சிலர் உண்டு. அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. கி.பி. 783-இல் ஜினசேனர் நிறைவு செய்த ஹரிவம்ச புராணத்தை நோக்குக. அதில் திரௌபதி அருச்சுனன் ஒருவனுக்கே மனைவி. அவள் சூட்டிய மாலை காற்றில் சிதறி, மலர்கள் ஐவர்மேலும் விழுந்தன. அதனால் ஐவரை வரித்தாள் என்ற வீண்பேச்சு எழுந்தது என்கிறார் ஆசிரியர். ஐவர் கதையை அறியாதவனுக்கு இக்காற்றும் மாலையும் எதற்கு? அயலார் கதையை நன்கு கேட்டறிந்தவர்களை முன்னிறுத்தியே நம் ஆசிரியர் எழுதினார். (ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனர் வேறு, பெயரொற்றுமையால் பலர் மயங்குவர்.) மணிப்பிரவாள நடையிலான ஸ்ரீபுராணத்தை வீடுகளில் வாசித்த நம் முன்னோரும் பாரதம் கேட்டவர்களே. அவ்வாசிப்பு குறைந்துபோனதுதான் கவலைக்குரியது. இரு கதைகளையும் அறிந்தவனுக்கே, தன் கதை எவ்விடத்தில் ஏன் திரும்புகிறது என்பது விளங்கும்.

முடிவிலும் அத்திருப்பம் உண்டு. கூத்தில், துரியோதனன் வீழ்ந்தபின் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். நம் புராணத்திலோ, பெரும்போர் கண்ணனுக்கும் சராசந்தனுக்கும் நிகழ்கிறது. பின்னர்ப் பாண்டவர் நேமிநாதரின் அறவுரை கேட்டுத் துறவு பூணுகின்றனர். சத்ருஞ்சய மலையில் தவமிருக்கையில், பகைவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பு அணிகளை அவர்கள் உடலில் பூட்டுகிறான். தருமன், வீமன், அருச்சுனன் மூவரும் அசையாதிருந்து வீடுபேறு எய்தினர். தமையன்மார் எவ்வாறு வருந்துகின்றனரோ என்று ஒரு கணம் எண்ணியதால், நகுலனும் சகதேவனும் சர்வார்த்தசித்தி என்னும் தேவருலகையே அடைந்தனர். உடன்பிறந்தார் மேல் வைத்த பரிவும் தடையாகுமோ என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பர். அக்கேள்விக்கு இடம் விட்டு அன்றைய வாசிப்பை நிறுத்தலாம்.