ஜி.பி.எஸ். எட்டாத இடத்தில் ட்ரோன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

செவ்வாயில் ஜி.பி.எஸ். கிடையாது. கோள் முழுவதற்குமான காந்தப்புலமும் இல்லாததால் திசைகாட்டிக்கும் அங்கே வேலையில்லை. அப்படியும் நாசாவின் இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் 19 முதல் 2024 ஜனவரி 18 வரை அங்கே 72 முறை பறந்தது. 5 முறை பறந்தால் போதும் என்று கட்டிய 1.8 கிலோ கருவி அது. சுரங்கம், பாய்லர், கிடங்கு, பாலத்தின் அடிப்பக்கம் என்று செயற்கைக்கோள் சிக்னல் நுழையாத இடங்களில் ட்ரோனோ ரோபோவோ இயக்கப்போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதன் கதையைத்தான். முக்கியமாக, அது தடுமாறிய இரண்டு பயணங்களை.

செய்ய வேண்டியவை

● ஐ.எம்.யூ.வின் பிழை எவ்வளவு வேகமாக வளரும் என்று பறக்கும் முன்பே கணக்குப் போடுங்கள். முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் இந்தச் சில்லுக்கு வெளியுலகம் எதுவும் தேவையில்லை. இருட்டிலும் புகையிலும் வேலை செய்யும். ஆனால் முடுக்கத்தில் வினாடி வர்க்கத்துக்கு 0.01 மீட்டர் என்ற சிறு பிழை நிலையாக இருந்தாலே, ஒரு நிமிடத்தில் இடம் 18 மீட்டர் தள்ளிப்போகும். இரண்டு நிமிடத்தில் 72 மீட்டர். கேமராவோ, லேசர் ஒளியால் சுற்றியுள்ள தூரங்களை அளக்கும் லைடாரோ இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியது இதனால்தான்.

● ஒவ்வொரு படத்துக்கும் அது எடுக்கப்பட்ட நேரம் சரியாகப் பதிகிறதா என்று சோதியுங்கள். 2021 மே மாதம், இன்ஜெனியூட்டியின் ஆறாவது பயணத்தில், கேமரா அனுப்பிய ஒரே ஒரு படம் வழியில் தொலைந்தது. அதற்குப் பின் வந்த எல்லாப் படங்களிலும் நேரம் தவறாகப் பதிந்தது. பழைய படத்தைப் புதிது என்று நம்பிய கணினி, இல்லாத பிழையைத் திருத்தப் போக, ஹெலிகாப்டர் 20 பாகைக்கும் மேல் சாய்ந்து சாய்ந்து ஆடியது. தொலைந்த படத்தை விடத் தவறான நேரம்தான் ஆபத்து. சென்சார்களின் கடிகாரங்களை ஒன்றோடொன்று இசைய வைக்காமல் மென்பொருளை மட்டும் மெருகேற்றுவது வீண்வேலை.

● தரையை நெருங்கும்போது கேமராவின் பேச்சைக் கேட்பதை நிறுத்தும்படி அமையுங்கள். கிளம்பும் தூசியைத் தரை என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். இறங்கும் கடைசிக் கட்டத்தில் படங்களைப் பயன்படுத்தாத வடிவமைப்பும் கைகொடுத்ததால், அந்த ஆறாவது பயணத்திலும் இன்ஜெனியூட்டி குறித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது.

● கீழ்நோக்கிய கேமராவோடு உயரத்தை அளக்கும் லேசரையும் சேருங்கள். தரை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைக் கேமரா கோணமாகத்தான் காட்டும். உயரம் தெரிந்தால்தான் அது வேகமாகும். உயரக் கணக்கு இரு மடங்கு தவறினால் வேகமும் இரு மடங்கு தவறும்.

● பறக்கப்போகும் பரப்பைப் போய்ப் பாருங்கள். கேமராவுக்குப் பிடித்துக்கொள்ளக் கல்லோ விரிசலோ கறையோ வேண்டும். இன்ஜெனியூட்டியை முடக்கியது இவை இல்லாத குறைதான். 72ஆவது பயணத்தில் கீழே இருந்தது அடையாளமே இல்லாத மணல் அலைகள். பின்தொடரப் போதுமான புள்ளிகள் கிடைக்காமல், பக்கவாட்டு வேகத்தைச் சரியாக அறியாமல் தரையில் மோதி, இறக்கைகள் முறிந்ததாக நாசாவின் ஆய்வு கருதுகிறது. பளபளக்கும் டைல்ஸ் தரையும் தேங்கிய தண்ணீரும் நம் ஊரில் அதே மணல்தான்.

செய்யக்கூடாதவை

● திறந்தவெளியில் பயன்படுத்திய ‘வீடு திரும்பு’ அமைப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். இணைப்பு அறுந்ததும் குறித்த உயரத்துக்கு ஏறித் திரும்பும் ட்ரோனுக்கு மேலே கூரை இருப்பது தெரியாது. அந்த இடத்துக்கு நின்று மிதப்பதோ மெல்ல இறங்குவதோ பொருந்துமா என்று முன்னரே முடிவு செய்யுங்கள்.

● அரைகுறை ஜி.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். சுரங்க வாயிலிலும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். கருவி தவறான இடத்தை உறுதியாகச் சொல்லும். இல்லாத சிக்னலை விட இது மோசம். அத்தகைய இடங்களில் அதை நீங்களே அணைத்துவிடுவது நல்லது.

● கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும் இடத்தில் திசைகாட்டியை வைத்துத் திரும்பாதீர்கள்.

● நீண்ட, வழவழப்பான சுரங்கத்தில் லைடாரை மட்டும் நம்பாதீர்கள். இருபுறச் சுவரும் நெடுக ஒரே மாதிரி இருந்தால், முன்னே நகர்ந்தோமா நின்றோமா என்று அதற்குத் தெரியாது. 2021இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், அந்நாட்டு ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய நிலத்தடி ரோபோ போட்டியை வென்ற செர்பரஸ் அணி, லைடார், கேமரா, ஐ.எம்.யூ. எனப் பலவற்றைக் கலந்தே இடம் கணித்தது. ஒன்று குருடாகும் இடத்தில் இன்னொன்று பார்க்க வேண்டும்.

● ‘இந்த இடத்துக்கு முன்பே வந்திருக்கிறேன்’ என்று ரோபோ சொன்னதும் ஏற்காதீர்கள். சரியாக இருந்தால், சேர்ந்துவந்த பிழை முழுவதையும் அது ஒரே அடியில் திருத்திவிடும். கிடங்கின் இரண்டு இடைவழிகள் ஒன்றுபோல இருந்து ஏமாந்தாலோ, வரைபடம் மொத்தமாக மடங்கிவிடும். வேறொரு சென்சாரும் ஒத்துக்கொண்ட பின்பே அந்த அடையாளத்தைச் சேர்க்க விடுங்கள்.