விசையும் எழுத்தும்

வெள்ளவத்தையில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு, தம் இல்லத்துப் பரணிலிருந்து ஒரு கணினியை இறக்குவித்தார். கேப்ரோ-2 என்பது அதன் பெயர். 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. பன்னிரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள உலோகப் பெட்டி. அதன் மூடியே விசைப்பலகை. அதனைக் கழற்றி முன்னே வைத்துச் சுருட்கம்பியால் இணைத்துத் தட்டச்சிடல் வேண்டும். முன்னொருகால் வீடு மாறியபொழுது அம்மூடி தொலைந்துபோயிற்று. மின்சாரம் கொடுத்ததும் ஒன்பது அங்குலப் பச்சைத் திரை ஒளிர்ந்தது, தட்டுச் சுழன்றது, கட்டளையை எதிர்நோக்கி ஒரு குறி வந்து நின்றது. கட்டளையிடத்தான் வழியில்லை. காலஞ்சென்ற தந்தையார் எழுதிய கடிதங்கள் அத்தட்டுகளில் இருந்தமையால், பெட்டியைப் பழைய இரும்புக்கு விற்க அவருக்கு மனம் வரவில்லை.

இவ்வகைக் கணினி கொழும்புக்குப் புதியதன்று. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1983இல், கொழும்பிலிருந்தவாறே ஒரு கேப்ரோ வழியாக, லொஸ் ஏஞ்சல்சிலிருந்த திரைப்பட நெறியாளர் பீற்றர் ஹையம்சுடன் தொலைபேசிக் கம்பி மூலம் கடிதம் பரிமாறினார். '2010' என்னும் திரைப்படம் பற்றிய அக்கடிதங்கள் பின்னர் நூலுருவும் பெற்றன.

நம் மாணவர் இருவர், இன்று கடையில் விற்கும் யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து, "சேர், இதை அதில் இணைக்கலாகாதா?" என்று கேட்டனர். தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என நகைப்பவர் சற்றுப் பொறுத்தருள்க. இஃது எழுத்தைப் பற்றிய கேள்வியே.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா அவர்கள் அமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியை நினைவு கூர்க. அங்கே விசையை அழுத்தினால், எழுத்து வார்க்கப்பட்ட உலோகக் கை எழுந்து தாளில் அடிக்கும். விசையும் எழுத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கணினி விசையிலோ எழுத்து இல்லை. அதன்மேல் அச்சிட்டிருப்பது நம் கண்ணுக்கு மட்டுமே. உள்ளே செல்வது ஓர் எண். எண்ணை எழுத்தாக்குவது இரு பக்கத்தாரும் முன்பே செய்துகொண்ட உடன்படிக்கை.

இதனைத் தமிழிலேயே காட்டலாம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' எனப் பொறிக்க, ஆங்கிலப் பலகையின் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து விசைகளை முறையே அழுத்துவோம். அதே ஐந்தையும் அதே வரிசையில் 'தமிழ் 99' முறையில் அழுத்தினால் 'பமண்டந' என வரும். விரல் பிழைக்கவில்லை, உடன்படிக்கை மாறிற்று.

அவ்வாறே, யூ.எஸ்.பி. பலகையில் 'ஏ' என்னும் ஆங்கில விசைக்குரிய எண் 4. கேப்ரோ எதிர்பார்ப்பதோ ஆஸ்கி எண்: பெரிய எழுத்தாயின் 65, சிறியதாயின் 97. பழையது பெரிய, சிறிய எழுத்தைத் தானே தெரிந்து ஒரே எண்ணாக அனுப்பும். புதியது 'இந்த விசை அழுந்தியிருக்கிறது, ஷிப்ற் விசையும் உடன் அழுந்தியிருக்கிறது' என்று நிலையை மட்டும் அறிவிக்கும். மேலும், புதியது வினவினாலன்றி வாய் திறவாது; கணினி ஓயாது கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். பழையதோ யாரும் கேளாமலே, நொடிக்கு 300 துணுக்கு வேகத்தில் தன் எண்ணைச் சொல்லிவிடும். எண்ணொன்றுக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்துப் பத்துத் துணுக்கு. ஆகவே நொடிக்கு முப்பது எழுத்து. எந்தத் தட்டச்சாளர் விரலும் அதனை விஞ்சாது. கம்பியை வெட்டிக் கம்பியோடு முறுக்குவதால் இவை இரண்டும் பேசிக்கொள்ளா என்பது இதனால் விளங்கும். நடுவே ஒரு துபாஷி வேண்டும்.

அத்துபாஷி, ராஸ்பெரி பை பிக்கோ என்னும் சிறிய மின்சுற்றுப் பலகை. ஒரு பக்கத்தில் அது கணினிபோல் நடித்துப் புதிய விசைப்பலகையை வினவும். மறுபக்கத்தில் பழைய விசைப்பலகைபோல் நடித்துக் கேப்ரோவுக்கு எண் அனுப்பும். மாணவர் நிரலை எழுதினர். எண்ணுக்கு எண் அட்டவணையை நாம் எழுதினோம். மூன்று மாலைப்பொழுதுகள் அதிற் சென்றன. முதல் நாள் ஒரு விசையை அழுத்தினால் அதே எழுத்து நிரை நிரையாக ஓடிற்று. அழுந்தியிருக்கும் விசையைப் புதிதாய் அழுத்தியதாகவே ஒவ்வொரு முறையும் எண்ணிவிட்டது எங்கள் துபாஷி! முன்னைய அறிவிப்போடு ஒப்பிட்டுப் புதியதை மட்டும் அனுப்பச் செய்த பின்னரே அது அடங்கிற்று. ஒன்றை இளையோர் மறவாதிருத்தல் நலம்: கேப்ரோவில் ஓடுவது ஐந்து வோல்ற்று, பிக்கோவின் முனைகள் தாங்குவது 3.3 வோல்ற்று. கம்பிகளை அளந்து பாராது இணைத்தால் துபாஷி எரிந்துபோவான்.

எல்லாப் பழங்கணினிக்கும் இது பொருந்தாது. அதே 1982இல் வந்த சின்கிளயர் ஸ்பெக்ரம் எண் எதனையும் எதிர்பார்ப்பதில்லை. அதன் நாற்பது விசைகளும் எட்டு நிரையும் ஐந்து நிரலுமான கம்பிவலையில் உள்ளன. எந்த இடத்தில் கம்பிகள் தொடுகின்றன என்று கணினியே தேடிப் பார்க்கும். அதற்குத் துபாஷி பேசினாற் போதாது. விரலைப்போல் கம்பிகளைத் தொடுவிக்கவும் வேண்டும். அதற்கெனத் தனிச் சில்லு உண்டு.

நான்காம் நாள் மாலை, அன்பர் தாமே புதிய பலகையில் டி, ஐ, ஆர் என்னும் மூன்று எழுத்துகளை அழுத்தினார். திரையில் கோப்புகளின் பெயர்கள் வரிவரியாய் எழுந்தன. அவற்றுள் ஒன்று அவர் பெயராகவே இருந்தது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

தந்தையார் பயன்படுத்தியது வேர்ட்ஸ்ரார் என்னும் எழுதுநிரல். அதில் மேலும் கீழும் செல்லக் கட்டுப்பாட்டு விசையுடன் ஈ, எக்ஸ் என்பவற்றையும், இடமும் வலமும் செல்ல எஸ், டி என்பவற்றையும் அழுத்தல் மரபு. அன்பருக்கு அது கைவரவில்லை. ஆகவே, புதிய பலகையின் அம்புக்குறி விசைகள் அந்த எண்களையே அனுப்புமாறு அட்டவணையில் நான்கு வரிகளை மாற்றிக் கொடுத்தோம். மூன்று தட்டுகளில் இரண்டு திறந்தன. திறந்தவுடனே படியெடுத்தும் வைத்தோம். மூன்றாவதில் பூஞ்சை படிந்திருக்கிறது. அதனைத் துடைக்கும் முறையை, கெட்டுப்போன வேறு தட்டுகளில் மாணவர் இப்பொழுது பழகி வருகின்றனர்.