'சோம்பேறி' என்ற சொல் யாரைப் பற்றியது?

கேள்வி: உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஆசிரியர்கள் என்னிடம் அனுப்பும் பிள்ளைகளில் பலர் 'சோம்பேறி' என்ற ஒரே புகாருடன் வருகிறார்கள். ஜார்ஜ் கெல்லியின் கருத்தமைவு உளவியலைப் பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காகப் படித்தேன். அன்றாடப் பணியில் அது எதற்கு உதவும் என்பது இன்றுவரை விளங்கவில்லை. விளக்குவீர்களா?

பதில்: தங்களுக்கு வருகிற இதே புகார் கெல்லிக்கும் வந்தது, அவருடைய தத்துவத்தின் ஒரு வேர் அந்தப் புகாரிலேயே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சஸ் மாகாணத்தில் பிறந்து, கல்லூரியில் பௌதிகமும் கணிதமும் கற்று, சிறிது காலம் விமானத் துறையில் என்ஜினீயராகவும், பிறிதொரு காலம் மேடைப் பேச்சு கற்பிப்பவராகவும், அயோவாவில் ஒரு சிறு கல்லூரியில் மாணவர்களுக்கு நாடகம் பயிற்றுவிப்பவராகவும் இருந்து, நடுவில் எடின்பரோவுக்குச் சென்று கல்வியியலில் பட்டமும் பெற்று, கடைசியாக மனோதத்துவத்தில் டாக்டர் பட்டத்துடன் 1931-இல் மேற்குக் கான்சஸின் ஹேஸ் என்ற ஊரிலிருந்த கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர் அவர். பொருளாதார மந்தத்தோடு வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்துகொண்டு குடியானவர்களை அலைக்கழித்த காலம் அது. மனநோய்க்கு வைத்தியம் என்பதையே கேள்விப்பட்டிராத சிற்றூர்ப் பள்ளிகளுக்கு, தம் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு, நடமாடும் ஆலோசனை நிலையம் ஒன்றை அவர் கொண்டு சென்றார்.

அங்கே ஆசிரியர்கள் ஒரு பிள்ளையை முன்னிறுத்தி, "இவன் சோம்பேறி" என்பார்கள். இளம் கெல்லி முதலில், எல்லோரையும் போலவே, அந்தப் பிள்ளை மெய்யாகவே சோம்பேறிதானா என்று சோதித்துப் பார்க்கத்தான் புறப்பட்டார்; ஆனால் அந்தச் சோதனை எதையும் நிலைநாட்டவில்லை. புகாரைச் சொன்னவரோடு உட்கார்ந்து, அவர் தம் வகுப்பை எப்படிப் பார்க்கிறார், பிள்ளைகளிடம் எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்கத் தொடங்கியபோதுதான் விஷயம் துலங்கிற்று. புகார் என்பது புகாருக்கு ஆளானவரைப் பற்றிய செய்தியாக இருக்கும் அளவுக்கு, சில சமயம் அதைவிட அதிகமாகவும், புகார் சொல்பவர் உலகத்தை எந்த அளவுகோலால் அளக்கிறார் என்பதைப் பற்றிய செய்தியாகவும் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்த அளவுகோலைத்தான் அவர் 'கன்ஸ்ட்ரக்ட்' என்றார். கருத்தமைவு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 1955-இல், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, இரண்டு பெரிய பாகங்களாக அவர் வெளியிட்ட நூலின் மூலக் கொள்கையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: மனிதன் வருவதை எதிர்பார்த்து வாழ்கிறவன், எதை எவ்விதம் எதிர்பார்க்கிறானோ அந்த வழியிலேயே அவன் மனம் ஓடுகிறது. விஞ்ஞானி ஆராய்ச்சிசாலையில் அனுமானம் செய்து, சோதித்து, திருத்திக்கொள்வதைப்போல் மாமியாரைச் சமாளிக்கும் மருமகளும், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே விலை சொல்லும் வியாபாரியும் அனுமானித்தும் சோதித்தும்தான் நாளைக் கழிக்கிறார்கள். இதைப் படிக்கும்போது, பௌதிகம் பயின்ற ஒருவர் தம் பழைய துறையை மறக்க மாட்டாமல் எழுதியது போலத்தான் எனக்கு முதலில் பட்டது. ஆனால் வைத்தியரை விஞ்ஞானி என்றும் நோயாளியை ஆராய்ச்சிப் பொருள் என்றும் பிரித்து வைத்திருந்த அக்கால மனோதத்துவத்தில், இருவரும் ஒரே தொழிலைச் செய்கிறார்கள் என்று சொல்லும் துணிவு சாதாரணமானதன்று.

தங்கள் தொழிலுக்கு மிக உபயோகமானது, கருத்தமைவு ஒவ்வொன்றும் இருமுனை உடையது என்று அவர் வற்புறுத்திய பகுதி. 'அமைதியானவர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிர்ச்சொல் கேட்டால் ஒருவர் 'கலகலப்பானவர்' என்பார். இன்னொருவர் 'சண்டைக்காரர்' என்பார். மூன்றாமவர் சற்று யோசித்து, 'மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர்' என்பார். மூவர் வாயிலும் வந்தது ஒரே சொல்லானாலும், முதலாமவர் பேசியது சுபாவத்தைப் பற்றி, இரண்டாமவர் பேசியது ஆபத்தைப் பற்றி, மூன்றாமவர் பேசியதோ கபடத்தைப் பற்றி. ஆகவே ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடாமல், அதைச் சொன்னவர் அதன் மறுமுனையில் எதை வைத்திருக்கிறார் என்று அவரிடமே கேட்டறிவது ஆலோசகரின் முதற்கடமை ஆகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்துகொண்டதைவிடத் தவறு செய்து அறிந்துகொண்டது அதிகம். பல ஆண்டுகளுக்கு முன், கணவருடைய குணத்தைப் பற்றிப் பேச வந்த ஓர் அம்மையார், "அவர் ரொம்பக் கண்டிப்பு" என்று சொன்னார். நானும் சாவகாசமாகக் குறிப்பேட்டில் 'கண்டிப்பானவர்' என்று எழுதி, எதிரே 'கனிவானவர்' என்று, கேட்காமலே, என் கையால் எழுதிக்கொண்டேன். அவருக்கு வேண்டியது கனிவு என்று எண்ணி நான்கு சந்திப்புகள் பேசினேன். ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் முகம் வாடிக்கொண்டே போயிற்று. ஐந்தாம் முறை, என் அனுமானத்தில் எனக்கே சலிப்புத் தட்டிய நிலையில், "கண்டிப்பில்லாதவர் என்றால் எப்படி இருப்பார்?" என்று கேட்டேன். "எங்கள் அப்பாவைப்போல் இருப்பார். யார் வந்தார்கள், யார் சாப்பிட்டார்கள் என்று எதையும் கண்டுகொள்ளவே மாட்டார்" என்றார். அவருடைய அளவுகோலில் கண்டிப்புக்கு மறுமுனை கனிவன்று, புறக்கணிப்பு. கணவரின் கண்டிப்பைக் குறைக்க நான் சொன்ன ஒவ்வொரு யோசனையும், அவர் செவியில், அப்பாவின் வீட்டுக்கே திரும்பிப் போ என்று ஒலித்திருக்கிறது.

இனித் தங்கள் ஆசிரியரிடம் வருவோம். வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைச் சிறு சீட்டுகளில் எழுதச் சொல்லி, மும்மூன்றாக எடுத்து வைத்து, "இவர்களில் எந்த இருவர் ஏதோ ஒருவகையில் ஒத்திருந்து மூன்றாமவரிடமிருந்து வேறுபடுகிறார்கள்?" என்று கேளுங்கள். கெல்லி வகுத்த உபாயம் இதுவே. அவர் தம் சோதனையில் பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், தாய், தந்தை, மேலதிகாரி என்று ஒருவர் வாழ்வில் இடம்பெறுவோரின் பெயர்களை வைத்துக் கேட்டார். பதில்களை வரிசையாகவும் பெயர்களை நிரலாகவும் கட்டம் போட்டு எழுதினால் அதுவே ரெப்பர்ட்டரி கிரிட் என்னும் கட்டத்தாள். கேட்டுக்கொண்டே போனால், நாற்பது பிள்ளைகளை அந்த ஆசிரியர் இரண்டு மூன்றே அளவுகோல்களால் அளந்துவருவது தெரியக்கூடும். அப்படியானால் அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. 'சோம்பேறி' என்பதற்கு எதிரே 'சுறுசுறுப்பு' ஒன்றுதான் அவரிடம் இருக்குமாயின், சோம்பேறி என்ற பட்டத்தை நீக்கும்படி தாங்கள் சொல்வது, அந்தப் பிள்ளையைச் சுறுசுறுப்பானவன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்வதாகவே அவருக்குப் படும். அது அவர் கண்ணால் காண்பதற்கு முரணானது. 'தவறிவிடுமோ என்று தொடங்கவே அஞ்சுகிறவன், தவறினாலும் தொடங்கிவிடுகிறவன்' என்பது போன்ற வேறோர் அளவுகோலை, அவரே கண்டெடுக்கும்படி, அருகில் வைக்க வேண்டும்.

கெல்லி பகைமைக்குத் தந்த இலக்கணத்தையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஏற்கெனவே பொய்த்துப்போன ஓர் எதிர்பார்ப்புக்கு, பிறரை நெருக்கியேனும் சாட்சியம் கறந்துவிட முயல்வதே பகைமை என்றார் அவர். பிள்ளை ஒருநாள் ஒழுங்காக எழுதி வந்தால், "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டு, மறுநாள் இருமடங்கு வீட்டுப்பாடம் கொடுத்து, அவன் சோர்ந்து உட்கார்ந்ததும், "நான்தான் சொன்னேனே" என்று திருப்தியடையும் ஆசிரியரைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அவரிடம் கொடுமை இல்லை. தம் அளவுகோல் உடைந்துபோகுமோ என்ற அச்சம் இருக்கிறது. லண்டனில் பள்ளிப் பிள்ளைகளிடையே இம்முறையைக் கையாண்ட டாம் ரேவனெட், பிள்ளையைப் பற்றிய பிரச்சினை என்பது பெரும்பாலும் யாரோ ஒரு பெரியவருக்குப் பிள்ளையால் நேர்ந்த பிரச்சினை என்ற கோணத்திலிருந்தே வேலையைத் தொடங்கினார். பிள்ளையிடமும் கேளுங்கள், ஆனால் ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: திக்கிப் பேசுவோருக்குப் பயிற்சி அளிப்பவன் நான். என் அறையில் ஓர் இளைஞர் தங்குதடையின்றிப் பேசுகிறார். வெளியே சென்று ஒரு மாதத்தில் பழையபடி திக்குகிறார். பயிற்சியில் குறையா, முயற்சியில் குறையா?

பதில்: இரண்டிலும் இல்லாமல் இருக்கலாம். முதலில் கைத்தொழில் வழிச் சிகிச்சையாளராக இருந்து பின்பு மனோதத்துவத்துக்கு வந்த ஃபே ஃபிரான்செல்லா என்ற ஆங்கிலப் பெண்மணி, தாங்கள் கேட்டதையே கேட்டு, கெல்லியின் முறையில் விடை தேடி, 1972-இல் நூலாக வெளியிட்டார். சிறு வயதுமுதல் திக்கிப் பேசுகிற ஒருவருக்கு, திக்குகிறவராக இருக்கும்போது உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்பது அணு அணுவாகத் தெரியும்: யார் பொறுமையிழப்பார், யார் சொல்லை முடித்து வைப்பார், எங்கே சிரிப்பு எழும், எங்கே வாய் திறக்காமலே தப்பிக்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. சரளமாகப் பேசுகிற 'தான்' என்பவரையோ அவர் அறியார். அந்த மனிதர் எப்படிக் கோபிப்பார், எப்படிக் கடன் கேட்பார், பெண் பார்க்கப் போன இடத்தில் எப்படி உட்காருவார் என்று எதிர்பார்க்க அவரிடம் ஒரு கருத்தமைவும் இல்லை. எதிர்பார்க்க முடியாத இடத்தில் நிற்பதையே கெல்லி கவலை என்றார். நாக்குக்கு மட்டும் சரளத்தைக் கொடுத்து, அதற்குள் குடியிருக்க ஆளைத் தயார் செய்யாவிட்டால், அவர் பழகிய பழைய வீட்டுக்கே திரும்புகிறார். அதனால் ஃபிரான்செல்லா, தம்மிடம் வந்தவர்கள் தடையின்றிப் பேசிவிட்ட தருணங்களையே பிடித்துக்கொண்டு, அப்போது என்ன நேர்ந்தது, கேட்டவர் எப்படி நடந்துகொண்டார், அதை அவர் முன்பே எதிர்பார்த்தாரா என்று திரும்பத் திரும்ப விசாரித்து, சரளமாகப் பேசுகிறவர் என்ற பாத்திரத்துக்கு உயிரும் சதையும் ஊட்டினார்.

தாங்கள் மற்றொன்றும் செய்து பார்க்கலாம். நார்வே நாட்டு அறிஞர் ஃபின் ச்சூடி 1977-இல் எடுத்துரைத்த வழி அது. திக்குவதால் வரும் கஷ்டங்களையும் சரளத்தால் வரும் நன்மைகளையும் எல்லோரும் கேட்பார்கள். அதோடு நில்லாமல், திக்குவதால் ஏதேனும் நன்மை உண்டா, சரளமாகப் பேசினால் ஏதேனும் நஷ்டம் உண்டா என்றும் கேட்க வேண்டும். முதலில் சிரிப்பார்கள். பிறகு, "பேசத் தெரிந்துவிட்டால் வீட்டில் எல்லா வழக்குக்கும் என்னைத்தான் முன்னே தள்ளுவார்கள்" என்பது போன்ற ஒரு வாக்கியம் மெல்ல வெளிவரும். அதைக் கேட்டபின் இளைஞரின் முயற்சியைக் குறைகூற மனம் வராது.

கேள்வி: அவரவர் பார்வை அவரவருக்கு என்றால் உண்மை என்று ஒன்று இல்லையா? நோயாளி நம்பும் எதையும் சரி என்றுவிடலாமா?

பதில்: கூடாது. உலகம் மெய்யானது என்பதில் கெல்லிக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு நாம் சொல்லும் விளக்கம் எதுவும் இறுதியானதன்று, மாற்றத்தக்கது என்பதே அவர் கட்சி. கான்சஸில் இருந்தபோது ஃப்ராய்டின் விளக்கங்களை நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்தார்; குணம் தெரிந்தது. பிறகு வேண்டுமென்றே விசித்திரமான விளக்கங்களைத் தாமே கற்பித்துச் சொன்னார். அப்போதும் பலருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் இரண்டு நிபந்தனைகளை அவர் கைவிடவில்லை: விளக்கம் அந்த மனிதர் கண்ட நிகழ்ச்சிகளோடு பொருந்த வேண்டும்; நாளைய காரியத்தை வேறுவிதமாகத் தொடங்க வழிகாட்ட வேண்டும். பொருந்தாத விளக்கத்தை நிகழ்ச்சிகளே தள்ளிவிடும்.

இதில் எனக்குள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். வறட்சியில் வயலையும் கடனில் வீட்டையும் இழந்தவர்களிடையே தொழில் தொடங்கிய அந்த அறிஞர், பார்வையை மாற்றிக்கொள்வதைப் பற்றி எழுதிய அளவுக்கு, எந்தப் பார்வையாலும் மாறாத பற்றாக்குறையைப் பற்றி எழுதவில்லை. தரிசாகிவிட்ட நிலத்துக்கு மறுமுனை மழை ஒன்றே.

கேள்வி: கட்டத்தாள் போடுவதற்குத் தனிக் கருவி வேண்டுமா? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பதில்: கெட்டித்தாள் சீட்டுகளும் ஒரு பென்சிலும் போதும். கணக்குப் போட்டுப் பார்க்க இப்போது கணினியும் உதவும். ஆனால் பேச்சே முக்கியம். பத்துப் பெயர்களுடன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நான்கைந்து அளவுகோல்கள் விரைவில் வந்துவிடும். அதன்பின் அவர் தயங்குவார். சிலர் ஒரு முனையைச் சொல்லிவிட்டு மறுமுனைக்குச் சொல் அகப்படாமல் நிற்பார்கள். அதற்கு 'அமிழ்ந்த முனை' என்று கெல்லி பெயரே வைத்திருக்கிறார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, சீட்டுகளைக் கட்டி எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் கதவைத் திறந்துகொண்டு வரும்போதே அந்தச் சொல்லைச் சொல்லியபடி உள்ளே நுழைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.